அத்தையின் கம்ப்யூட்டரைப் பழுது நீக்கிய விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், கம்ப்யூட்டர் நலம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நலமாக இருப்பது இந்த வாரத்தில் இன்றைக்குத்தான் என்பதால், அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அங்கே நீங்களும் என் பெண்ணும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்காக உங்கள் அத்தை தைத்த கவுன்களைப் பார்சலில் அனுப்புகிறோம். பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது, அதில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன் செய்தால் முதலில் எடுப்பது என் பெண். எடுத்தவுடன் "அப்பா, என்ன பண்ணி வெச்சீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் ஒன்றும் பண்ணி வைக்கவில்லை. பண்ணி முடித்திருக்கிறேன். இந்த வித்தியாசம் எழுத்தில்தான் விளங்கும். அதுவுமல்லாமல், லிஃப்ட் கம்பெனியில் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு பழுதுக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் கை கழுவச் சோப்பைத் தொடுவேன். நான் ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துப் பார்த்துப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரிலும், அதில் போட்டுக் கொடுத்த லினக்ஸிலும் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. யார் யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து எழுதிய சிஸ்டம் என்று நீங்கள் சொன்னபோது, சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது நம்புகிறேன். அன்றைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, நீங்க எதையும் தொடாதீங்க, ஏதாவதுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொன்னீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள், நானும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் மெஷினைக் கழற்றி மாட்டியவனிடம் தொடாதே என்று சொன்னால் கை கேட்குமா? காது கேட்டது. கை கேட்கவில்லை.

உங்கள் அத்தையின் வேலை பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அறிக்கை என்றால் முழுசாக இருக்க வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்று, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரச் சொல்லியிருக்கிறது. எல்லா வயதுப் பிள்ளைகளின் அளவுக்கும் சட்டை, கால்சட்டை, பாவாடை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். வரைந்தது பிடித்திருந்தால் இனி மாதாமாதம் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். எந்தக் காலத்திலிருந்தோ அடுத்தவர் கடையில் கத்தரிக்கோல் பிடித்தவள். இப்போது சமையலறையை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கம்ப்யூட்டர். கதவில் "உள்ளே வேலை நடக்கிறது" என்று எழுதி ஒட்டவில்லையே தவிர, முகத்தில் ஒட்டியிருக்கிறாள்.

நானோ வீட்டில் சும்மா இருக்கிறேன். இதை உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்த்து, சவரம் செய்து, சட்டை போட்டுக்கொள்கிறேன். போட்டுக்கொண்ட பிறகு எங்கே போவது என்று தெரிவதில்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். "இப்பதான குடிச்சேன்" என்கிறாள். ஊசி கோத்துத் தரட்டுமா என்றால், "ஊசி இதுல எங்க இருக்கு, எல்லாம் மவுஸ்தான்" என்கிறாள். அவளுக்கு நான் ஏதாவது ஒரு விதத்தில் உதவ வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை காலை, திரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி ஒரு வார்த்தை சொன்னாள். "கோடு லேசா ஆடுது."

அவள் அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அது பத்தாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்று வந்த அழைப்பு மாதிரி கேட்டது.

மறுநாள் அவள் துணி மாதிரி பார்க்க அந்தக் கம்பெனிக்குக் கிளம்பியதும் நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். நான் அவசரக்காரன் இல்லை. முதலில் படித்தேன். போனில் தேடியதில், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் தமிழ்க் குழு ஒன்று கிடைத்தது. "கோடு ஆடுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கருந்திரை என்று தனக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உடனே பதில் போட்டார். "எந்த கிராஃபிக்ஸ் கார்டு சார், எந்த டிரைவர் ஓடுது?" என்றார். கார்டு என்பது படத்தைத் திரைக்கு அனுப்பும் பலகை, டிரைவர் என்பது அந்தப் பலகைக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் சின்ன புரோகிராம் என்று அவரே விளக்கினார். இந்தக் கார்டுக்கு இரண்டு டிரைவர் இருக்கிறதாம். ஒன்று, சிஸ்டத்தோடு வரும் பொது டிரைவர். இன்னொன்று, கார்டு செய்த கம்பெனி தரும் டிரைவர். நம் வீட்டில் ஓடியது பொது டிரைவர். "கம்பெனி டிரைவரைப் போட்டுப் பாருங்க, கோடு நின்னாலும் நிக்கும்" என்றார். நின்றாலும் நிற்கும் என்பதில் உள்ள அந்த "உம்"மை நான் கவனித்திருக்க வேண்டும்.

இந்தக் கருந்திரை தொழிலில் பல் டாக்டர். பேச்சுவாக்கில் தெரிந்தது. நடுநடுவே "ஒரு நிமிஷம் சார், ஒரு கடைவாய்ப் பல் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று போய்விடுவார். இந்தப் பக்கம் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் யாரோ வாயைத் திறந்துகொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் டாக்டர் ஒருவரே.

கட்டளைகளை அடிக்க வேண்டிய கறுப்புக் கட்டத்தைத் திறந்தேன். முதல் கட்டளைக்கே பாஸ்வேர்டு கேட்டது. உங்கள் அத்தைக்குப் போன் செய்தேன்.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

"எதுக்கு?"

"சும்மா, தூசி தட்டலாம்னு."

"தூசி தட்ட பாஸ்வேர்டு எதுக்கு?"

அது வேறு மாதிரித் தூசி என்றேன். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு என்னோடு வாதாட முடியாததாலோ என்னவோ சொல்லிவிட்டாள். அடித்தேன். கட்டத்தில் ஒரு எழுத்து விழவில்லை. ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி அழுத்தி அடித்தேன். ஊஹூம். சாவிகள் செத்துவிட்டன, கீபோர்டுக்குள் அழுக்கு இறங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். மெஷின் பேசவில்லை என்றால் முதலில் பட்டனைப் பார் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஒவ்வொரு சாவியாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய துண்டில் பரப்பி, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொன்றாக மாட்டினேன். அவ்வளவு சுத்தமான கீபோர்டை நீங்கள் பார்த்திருக்க முடியாது. மறுபடி அடித்தேன். எழுத்து விழவில்லை. கருந்திரையிடம் கேட்டால், "சார், பாஸ்வேர்டு அடிச்சா அதுல தெரியாது சார், பக்கத்துல இருக்கறவங்க பாத்துடக் கூடாதுன்னு. நீங்க பாட்டுக்கு அடிச்சு என்டர் தட்டுங்க" என்கிறார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அவரும் பாவம், கீபோர்டைக் கழுவுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சரி, கண்ணை மூடிக்கொண்டு நம்பி அடித்து என்டர் தட்டினேன். தவறு என்றது. இன்னொரு முறை. தவறு. உங்கள் அத்தை வேண்டுமென்றே எனக்குத் தப்பான பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். கைப்பையைத் தோளிலிருந்துகூட இறக்காமல், நின்றபடியே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்து விரலாலும் தட்டினாள். திறந்தது. "உங்க கை பட்டாலே அதுக்குப் பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகுதான் புரிந்தது. கழுவி மாட்டும்போது, ஆங்கிலத்தில் எம், என் என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளின் சாவிகளையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். அவள் கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிறவள், நான் பார்த்துப் பார்த்துக் குத்துகிறவன். இதனால் தெரிவது என்னவென்றால், தெரியாத வேலையில் அதிகக் கவனமும் ஆபத்து. இரண்டையும் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிட்டேன். இது அவளுக்குத் தெரியாது.

இனிமேல்தான் இந்த அறிக்கையின் முக்கியமான பகுதி. கம்பெனி டிரைவரைப் போடும் முன், பொது டிரைவரை எழுந்திருக்க விடாமல் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கார்டில் கைவைத்து அடித்துக்கொள்ளும் என்றார் கருந்திரை. அதற்கென்று ஒரு தடைப்பட்டியல் இருக்கிறது. அதில் பெயரை எழுதிவிட்டால் அந்த டிரைவர் எழுந்திருக்காது. மாப்பிள்ளை, இதைக் கேட்டதும் எனக்கு இந்தச் சிஸ்டத்தின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. எங்கள் தொழிலில் மெஷினைத் தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே" என்ற தடைப்பலகையை மாட்டுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பலகை மாட்டாமல் எங்கள் மேஸ்திரி லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார். மேலே யாரோ பட்டனை அழுத்திவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார், பிழைத்தார். அதற்கப்புறம் நான் பலகை மாட்டாமல் ஒரு பல்புகூடக் கழற்றியதில்லை. வீட்டில் பல்பு மாற்றும்போது நான் மெயின் சுவிட்சில் அட்டை கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்து நீங்களே சிரித்திருக்கிறீர்கள்.

ஆகவே பொது டிரைவரின் பெயரைத் தடைப்பட்டியலில் எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தேன். கம்பெனி டிரைவரைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது அதுவே பாதியில் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டால்? வேலை நடக்கும் இடத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் கரண்ட் வரக் கூடாது. அதனால் கம்பெனி டிரைவரின் பெயரையும் அடுத்த வரியில் எழுதினேன். இப்போது இரண்டு பக்கமும் பூட்டு, மனசுக்கு நிம்மதி. பிறகு கம்பெனி டிரைவரை இறக்கிப் போட்டேன். எழுத்து எழுத்தாக ஓடியது, முடிந்தது என்றது. ரீஸ்டார்ட் செய்தேன்.

அப்போதுதான் அந்த நீலத் திரை வந்தது. புதிய சாவி ஒன்று வந்திருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டது. முன்பின் தெரியாதவன் வந்து சாவி கேட்டால் மெஷின் ரூமைத் திறந்துவிடுகிற ஆள் நான் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுபடி ரீஸ்டார்ட் செய்தபோது நல்லவேளை அது கேட்கவே இல்லை, பயந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் திரை வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! எழுத்தெல்லாம் கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு. ஐகான் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி. உங்கள் அத்தை வரைந்த சட்டையைத் திறந்தால் முழுச் சட்டை தெரியவில்லை, இடது கை மட்டும் திரை முழுக்க நின்றது. அவள் என் பின்னால் வந்து நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் கோடு ஆடுதுன்னு சொன்னேன்" என்றாள்.

"இப்ப ஆடலையே" என்றேன்.

"ஆடறதுக்கு இப்ப கோடு எங்க இருக்கு?"

"நாளைக்குள்ள சரி பண்ணிடுவேன்."

"வெள்ளிக்கிழமை அனுப்பணுங்க."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் ஆசையாகத் தேடிக்கொண்ட முதல் வேலையை நான் கெடுத்துவிட்டேனோ என்று அந்த நிமிஷம் பயந்துவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்கிற மெக்கானிக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதன்கிழமை முழுக்கப் போராட்டம். நீலத் திரையை விரட்டியதைப் பெருமையாகச் சொன்னேன். கருந்திரைக்கு வந்ததே கோபம். "சார், அது திருடன் இல்ல சார், கம்பெனி டிரைவரை உள்ளே விடலாமான்னு உங்க கம்ப்யூட்டரே உங்ககிட்ட பர்மிஷன் கேக்குது! சரின்னு சொல்லணும்!" என்றார். அதை மறுபடி வரவழைப்பதற்கே காலை போய்விட்டது. வந்ததும் சரி, சரி, சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திரை அப்படியேதான் இருந்தது. டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். பழைய பதிப்பைப் போட்டேன். அதையும் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். கார்டையே பிடுங்கி, தங்க நிறத்தில் இருக்கும் அதன் ஓரத்தை அழிப்பான் வைத்துத் தேய்த்து மாட்டினேன். நடுவில் ஒருமுறை திரை முழுக்க இருட்டாகி, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, இப்படியே வெகுநேரம் போனது. மத்தியானம் உங்கள் அத்தை வந்து, "எழுந்திருங்க, பூங்காவைச் சுத்தி நடந்துட்டு வாங்க, நான் இங்க துணி தேய்க்கணும்" என்று என்னை விரட்டிவிட்டாள். பூங்காவில் உட்கார்ந்தும் போனில் கருந்திரையோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் யாரோ கிடக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும்" என்றார். ரொம்ப ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை, அதாவது இன்று காலை, கருந்திரை ஒரு கேள்வி கேட்டார். "சார், அந்தத் தடைப்பட்டியல்ல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே எனக்கு அனுப்புங்க." அனுப்பினேன். அவர் பதில் போடுவதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்து முடித்தேன். பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு வந்தது.

"சார், ரெண்டு டிரைவரையும் நீங்களே பூட்டி வெச்சிருக்கீங்க."

"ஆமா, வேலை நடக்கும்போது பாதுகாப்புக்கு."

"வேலை முடிஞ்சுதான் ரெண்டு நாள் ஆச்சே சார்!"

மாப்பிள்ளை, என் தொழில் வாழ்க்கையில் நான் பலகை மாட்ட மறந்ததே இல்லை. கழற்றவும் மறந்ததில்லை, ஏனென்றால் லிஃப்டில் பலகை கண்ணுக்கு நேராகத் தொங்கும். இங்கே அது எங்கோ ஒரு ஃபைலுக்குள், இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் யாருக்கு நினைவு வரும்? நான் அத்தனை முறை டிரைவரைப் போட்டபோதும், பாவம், அது வாசல்வரை வந்து என் பலகையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது. மனிதர்களில்கூட அவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிறவர்களை நான் பார்த்ததில்லை. கம்பெனி டிரைவரின் பெயர் இருந்த இரண்டாவது வரியை அழித்தேன், கருந்திரை சொன்ன கட்டளையைக் கொடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். திரை பளிச்சென்று எழுந்தது. சட்டை முழுசாகத் தெரிந்தது, காலரிலிருந்து கடைசிப் பொத்தான்வரை. கோட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இந்த இடத்தில் மறைக்க விரும்பவில்லை.

ஓடிப்போய் உங்கள் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "சரியாயிடுச்சே!" என்றாள். "நாளைக்கு அனுப்பிடலாமா?" என்றேன். "அனுப்பிடலாம்" என்றாள். கருந்திரைக்கு நன்றி சொன்னேன். "இனிமே எதையாவது பூட்டுனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்றார். நல்ல மனிதர். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது, அவரிடமே காட்டலாம் என்று இருக்கிறேன்.

ஆக, நீங்கள் இதற்காக லீவு போட்டுவிட்டு வரத் தேவையில்லை. நிலைமை முழுக்க என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இனி இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் நானே பார்த்துக்கொள்வேன். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏதாவது வந்தாலும் தயங்காமல் சொல்லியனுப்புங்கள். ஒரே ஒரு யோசனை மட்டும், தப்பாக நினைக்காதீர்கள். அடுத்த முறை யாருக்காவது கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தால், பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது என்பதைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பல கீபோர்டுகள் குளிக்காமல் தப்பிக்கும். இந்த விவரங்களை என் பெண்ணிடம் சொல்ல வேண்டாம். பேத்தியிடம் சொல்லலாம், அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், கரண்ட் போகாமல், தொட்ட காரியமெல்லாம் முதல் ரீஸ்டார்ட்டிலேயே கூடிவர நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு),
கம்ப்யூட்டர் மெக்கானிக் (பணியில்).

பி.கு.: மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுவது. பார்சலைக் கட்டும் முன் கவுன்களை ஒருமுறை உதறி மடித்து வைக்கலாம் என்று திறந்தேன், கடிதம் கிடைத்தது. உங்கள் மாமா பூங்காவுக்குப் போயிருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை.

நீங்கள் கவலைப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பேட்டர்ன் எல்லாம் புதன்கிழமை மத்தியானமே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கார்டு தகராறு செய்தால் திரையின் கேபிளைப் பிடுங்கி மேலே இருக்கும் இன்னொரு ஓட்டையில் சொருகுங்கள், கார்டு இல்லாமலேயே படம் வரும் என்று நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள் அல்லவா? அவரைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு அப்படித்தான் செய்தேன். அவர் திரும்பி வருவதற்குள் கேபிளைப் பழையபடி மாட்டி வைத்துவிட்டேன். நேற்று கம்பெனிக்காரம்மா போன் செய்து, பேட்டர்ன் பிடித்திருக்கிறது, இனி மாதாமாதம் வேலை உண்டு என்று சொல்லிவிட்டார். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு, இப்போதுதான் போன் வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். எம்மும் என்னும் இடம் மாறியதும் எனக்கு அன்றைக்கே தெரியும்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலையிலிருந்து நின்ற நாளிலிருந்து அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இந்த வாரம் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார், யாருடனோ சண்டை போட்டார், பாட்டு முணுமுணுத்தார், ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் நிஜமாகவே சரி செய்துவிட்டார் மாப்பிள்ளை. அதுதான் இப்போது பிரச்சினை. இன்று காலை சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, அறை வாசலில் வந்து நின்று, "கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

இந்தப் பார்சல் திங்கட்கிழமை உங்கள் கைக்குக் கிடைத்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை நான் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கப்போகிறேன். சாயங்காலத்துக்குள் அவரிடமிருந்து உங்களுக்கு எப்படியும் போன் வரும். எடுத்தவுடனே கேபிளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.